மடிப்புச் சைக்கிளின் நடுவில் ஒரு மோட்டார்: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொசப்பேட்டையில் ஒரு குறுகிய சந்தில் என் வீடு. அலுவலகம் காட்பாடியில். பாலாற்றுப் பாலத்தைக் கடந்து போக ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர், திரும்பி வர எட்டு. வீட்டில் சைக்கிள் நிறுத்த மாடிப்படிக்கு அடியைத் தவிர வேறு இடமில்லை. அலுவலகச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை இல்லை. அதனால் 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடிப்புச் சைக்கிளை வாங்கினேன். ஒரு மே மாதத்தைப் பெடல் மிதித்தே கடந்த பிறகு அதற்கு மோட்டாரும் பொருத்தினேன். அன்றிலிருந்து சிக்னலிலும் டீக்கடையிலும் லிஃப்டிலும் கேள்விகள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

சக்கரத்தில் ஒன்றையும் காணோமே, மோட்டார் எங்கே இருக்கிறது?

இரண்டு பெடல்களுக்கும் நடுவில். பெடலைத் தாங்கும் கிராங்க் கை சுழலும் அச்சு செல்லும் குழாய் ஒன்று ஃபிரேமின் அடியில் இருக்கிறது அல்லவா, அதிலிருந்த பழைய அச்சையும் அதை இருபுறமும் தாங்கும் கப்புகளையும் கழற்றிவிட்டு, அதே ஓட்டைக்குள் மோட்டாரின் அச்சைச் செருகியிருக்கிறேன். மோட்டாரின் உடல் அதற்குக் கீழே, சற்று முன்னால் தொங்குகிறது. நம் கால் இழுக்கும் அதே செயினைத்தான் அதுவும் இழுக்கிறது. இதற்கு மிட் டிரைவ் என்று பெயர். கால் எந்த கியரில் மிதிக்கிறதோ அந்த கியரில்தான் மோட்டாரும் உழைக்கும். இதன் நன்மை, தீமை இரண்டும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

சக்கரத்துக்குள் வைக்கும் ஹப் மோட்டார்தான் எளிது என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். வேலூர் நகரத்துச் சாலை பெரும்பாலும் சமதளம். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை விட்டால் மூச்சு வாங்கும் ஏற்றம் அன்றாட வழியில் கிடையாது. மிட் டிரைவின் பெரிய பலம் மேடு ஏறுவது. மேடே இல்லாத ஊரில் அந்தப் பலத்துக்குக் காசு கொடுப்பானேன் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை.

நான் இதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் வேறு. மடிப்புச் சைக்கிள் பலவற்றில் முன் ஃபோர்க்கின் அகலம் குறைவு. சாதாரணச் சைக்கிளில் முன் ஹப் உட்காரும் இடம் 100 மில்லிமீட்டர். என்னுடையதில் 74 தான். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் முன்சக்கர மோட்டார் அதற்குள் நுழையாது. பின்சக்கரத்தில் வைக்கலாம். ஆனால் அங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது: முள்.

பாலாற்றங்கரையில் சீமைக் கருவேலம் எப்படி மண்டிக் கிடக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு பஞ்சராவது உறுதி. நான் போகும் பஞ்சர் கடை பாய், சக்கரத்தைக் கழற்றி, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் சாண் சாணாக முக்கிக் குமிழியைத் தேடுவார். டயரின் உட்புறத்தை விரலால் தடவி, ஒடிந்து நின்ற முள் நுனியை நகத்தால் கிள்ளி எடுத்துக் கையில் வைத்துக் காட்டுவார். பத்து நிமிட வேலை. இதே சக்கரத்தில் ஹப் மோட்டார் இருந்தால் ஒயர் இணைப்பைக் கழற்ற வேண்டும், அச்சு திரும்பாமல் தடுக்கும் வாஷர்களை அதே வரிசையில் திரும்பப் போட வேண்டும், நாலைந்து கிலோ சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்படியொரு வண்டி வந்தால் பாய் கை வைக்கவே தயங்குகிறார். என் வண்டியில் இரண்டும் வெறும் சைக்கிள் சக்கரங்கள். குடியாத்தத்தில் பஞ்சரானாலும் ஆற்காட்டில் பஞ்சரானாலும் முதலில் தென்படும் கடையில் நிறுத்தலாம்.

என் சைக்கிளுக்குப் பொருந்துமா?

வாங்குவதற்கு முன் கீழே உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள். வாங்கியபின் பார்த்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கிராங்க் அச்சுக் குழாயின் அகலம் 68 அல்லது 73 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மடிப்புச் சைக்கிள்களில் பெரும்பாலும் 68. உள்ளே மரை வெட்டியிருக்க வேண்டும். விலை மலிந்த சில வண்டிகளில் இரு பக்கக் கிராங்கும் ஒரே கம்பியாக வளைந்து வரும். அவற்றின் குழாய் உள்விட்டம் 51 மில்லிமீட்டருக்கும் மேல், மரையும் இருக்காது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். அந்தத் தொல்லைக்கு வேறு சைக்கிள் பார்ப்பதே மேல்.

அடுத்து, வலப்பக்கம். மோட்டாரின் பல்சக்கரப் பெட்டி ஒரு சிறிய தட்டு போல அச்சைச் சுற்றி விரிந்திருக்கும். பின்சக்கரத்துக்குப் போகும் வலப்பக்கக் குழாய் அச்சை ஒட்டியே அகன்று போனால் பெட்டி அதில் இடிக்கும். மோட்டாரின் அளவுப்படத்தை எடுத்து அட்டையில் வெட்டி, குழாயோடு வைத்துப் பாருங்கள். அட்டை இடித்தால் இரும்பும் இடிக்கும்.

பிறகு, அடியில் என்ன இருக்கிறது? மடித்து நிறுத்துவதற்காகச் சில சைக்கிள்களில் அச்சுக் குழாயின் கீழே கம்பி ஸ்டாண்ட் வைத்திருப்பார்கள். மோட்டார் வந்தால் அது போய்விடும். கியர் ஒயரும் அந்த வழியாகத்தான் போகும். அதற்கும் மாற்று வழி பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தரைக்கு உள்ள இடைவெளி. அகலமான வேகத்தடைகளின் மேல் என் மோட்டார் தட்டாமல் போகிறது. யாரோ வீட்டுக்கு முன்னால் தாமாகக் கொட்டிக்கொண்ட சிமெண்ட் மேட்டில் ஒருமுறை தட்டியது. அந்தத் தெருவில் இப்போது இறங்கித் தள்ளுகிறேன்.

பழைய அச்சைக் கழற்றுவது கடினமா?

கருவி இருந்தால் அரை மணி நேரம். இல்லாவிட்டால் அரை நாளும் ஒரு சண்டையும். கிராங்கை அச்சிலிருந்து இழுத்து எடுக்கும் கிராங்க் புல்லர் ஒன்று, கப்பைக் கழற்றும் பல் வைத்த சாவி ஒன்று, இரண்டும் கட்டாயம் வேண்டும். சுத்தியலால் கிராங்கைத் தட்டிக் கழற்றுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

முக்கியமான சங்கதி: செயின் இருக்கும் வலப்பக்கக் கப்பின் மரை இடமரை. வழக்கமாக நட்டை இறுக்கும் திசையில், அதாவது கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் கழலும். இடப்பக்கக் கப்பு வழக்கப்படியே கழலும். இதை அறியாமல் நானும் என் மைத்துனரும் சாவியின் பிடியில் மூன்றடி இரும்புக் குழாயை மாட்டி, சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, மாறி மாறித் தொங்கினோம். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டோம். வெந்நீர் ஊற்றினோம். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “மறுபக்கம் திருப்பித்தான் பாரேன்” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, கழன்றுவிட்டது.

எந்த மோட்டார் வாங்குவது?

தனியாக வாங்கிப் பூட்டும் மிட் டிரைவ்களில் அதிகம் புழங்குபவை இரண்டு சீனத் தயாரிப்புகள்: பாஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ் வரிசை, டாங்ஷெங் நிறுவனத்தின் டிஎஸ்டிஇசட்2. முதலாவது, கிராங்க் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து உதவும். இரண்டாவது, நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து அதற்கேற்ப உதவும். ஓட்டும்போது கால் பலம் கூடியது போலவே இருக்கும். நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு இரண்டாவது இதம். எதை எடுத்தாலும் 36 வோல்ட், 250 வாட் போதும். மடிப்புச் சைக்கிளில் 750 வாட், 1000 வாட் மோட்டாரைக் கட்டுவது சின்னச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் செய்யும் கொடுமை.

பூட்டிய பிறகு மடிக்க முடிகிறதா?

முடிகிறது, முன்போல அல்ல. மடிக்கும்போது முன்சக்கரம் வந்து பின்சக்கரத்தை ஒட்டும். என் வண்டியில் அந்த வழியில் மோட்டார் இல்லை. சில வண்டிகளில் இருக்கும். ஆகவே அட்டையை வைத்துப் பார்க்கும்போதே மடித்தும் பாருங்கள். கம்பி ஸ்டாண்ட் போய்விட்டதால் மடித்த வண்டி இப்போது மோட்டாரின் வயிற்றில் உட்காருகிறது. அலுமினிய உடலில் தேய்ந்த கோடுகள் விழுந்த பிறகுதான் பழைய டயர்த் துண்டை வெட்டி அடியில் கட்டினேன்.

பெரிய தலைவலி ஒயர். மடிப்புச் சைக்கிளில் இரண்டு கீல்கள்: நடுக்குழாயில் ஒன்று, ஹேண்டில் தண்டில் ஒன்று. நான் முதலில் பேட்டரியை முன்பக்கப் பையில் வைத்தேன். அதிலிருந்து மோட்டாருக்கு வரும் தடித்த ஒயர் நடுக்கீலைக் கடந்தாக வேண்டும். ஓர் அவசரக் காலையில் கீலைப் பூட்டியபோது ஒயர் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒயரின் மேல்தோலில் பிறை வடிவில் ஒரு வெட்டு. உள்ளே செம்பு மினுங்கியது. இன்னும் ஒரு மயிரிழை அழுத்தியிருந்தால் இரண்டு ஒயரும் சேர்ந்திருக்கும். அன்று மாலையே பேட்டரியைப் பின் கேரியருக்கு மாற்றினேன். தடித்த ஒயர் இப்போது எந்தக் கீலையும் கடப்பதில்லை. ஹேண்டிலில் இருக்கும் மோட்டார்த் திரைக்கும் பிரேக்குக்கும் போகும் மெல்லிய ஒயர் மட்டும் கடக்கிறது. அதையும் கீலின் ஆணி இருக்கும் பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். திறக்கும் பக்கமாகப் போனால் மடிக்கும்போது இழுபடும், விரிக்கும்போது நசுங்கும். பேட்டரியின் வாயிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போட்டுவிட்டேன். இதைப் போடாதவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

மோட்டார் ஆடுகிறது, தளர்கிறது என்கிறார்களே?

என்னுடையதும் தளர்ந்தது. மோட்டார் செயினை இழுக்கும்போது அதன் உடல் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். சாதாரணச் சைக்கிளில் அது கீழ்க்குழாயில் போய்ச் சாய்ந்து நின்றுவிடும். மடிப்புச் சைக்கிள் பலவற்றில் ஒரே நடுக்குழாய்தான், சாய இடமில்லை. அதனால் ஒவ்வொரு முறை உதவி தொடங்கும்போதும் மோட்டார் சிறிது அசையும், இடப்பக்கப் பூட்டு நட்டு இம்மி இம்மியாகக் கழலும். பொருத்திய இரண்டாவது வாரம் பாலாற்றுப் பாலத்தின் நடுவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் மோட்டார் முன்னால் தூக்கிக்கொண்டு, ஒயர் வீணைக் கம்பி போல விறைத்து நிற்கிறது. “நீரில்லாத ஆறு” என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். அந்த மணலைப் பார்த்தபடி பாலத்தின் மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே கடந்தேன்.

லேத் பட்டறையில் ஓர் இரும்புப் பட்டையை வளைத்து வாங்கி, மோட்டாரை நடுக்குழாயோடு இறுக்கிக் கட்டிய பிறகு தொல்லை இல்லை. முதல் 100 கிலோமீட்டருக்குள் பூட்டு நட்டை இரண்டு முறையாவது இறுக்குங்கள். நட்டின் மேலும் ஃபிரேமிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால் கழல்வது கண்ணுக்குத் தெரியும். என் மகளின் நகப்பூச்சு அதற்குத்தான் செலவாகிறது.

கியர் இல்லாத மடிப்புச் சைக்கிளுக்கு வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் போகும். முன் செயின் வீலில் 44 பல், பின்னால் 16 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குப் பதினேழரைக் கிலோமீட்டர். அதற்கு மேல் போகக் கால் பம்பரமாகச் சுற்ற வேண்டும். பின்னால் 11 முதல் 28 பல் வரை கியர் இருந்தால் அதே 70 சுற்றில் மணிக்கு 10 கிலோமீட்டரிலும் போகலாம், 25லும் போகலாம். மிட் டிரைவின் பலனே இதுதான். கியர் இல்லாத வண்டியில் மிட் டிரைவ் வைப்பது ஆற்காடு மக்கன் பேடா வாங்கி ஜீராவை வடித்துவிட்டுத் தின்பது போல.

செயின் சீக்கிரம் தேயுமா?

தேயும். கால் பலமும் மோட்டார் பலமும் ஒரே செயின் வழியாகத்தான் போகின்றன. கியர் மாற்றும் நொடியில் மிதிப்பதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பற்கள் கதறும். மாற்றும்போது மோட்டாரைத் தானாக நிறுத்தும் கியர் சென்சார் தனியாகக் கிடைக்கிறது. பெரிய கியரில் வைத்துக்கொண்டே நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் மோட்டாரைக் கொல்லும் பழக்கம். மெதுவாகச் சுற்றும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரத்துக்கு அது ஆகாது. சிக்னலை நெருங்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்?

என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி; பெருக்கினால் 360 வாட் மணி. நானும் மிதிப்பதால் கிலோமீட்டருக்கு 10 வாட் மணிக்குள் செலவாகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்கிறேன். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் பாலத்தின் மேல் இந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கும். முழு சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. 2 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

கத்தரி வெயிலில் பேட்டரி வெடித்துவிடாதா?

கேள்விகளில் இதைத்தான் நான் மதிக்கிறேன். மே மாத வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. லித்தியம் அயான் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் ஓட்டி வந்த பேட்டரியின் உள்ளே வெளிக்காற்றைவிடச் சூடு கூடுதலாகவே இருக்கும். ஆகவே வந்தவுடன் செருகாதீர்கள். ஒரு மணி நேரம் தரையில் வைத்து ஆற விடுங்கள். தகரக் கூரையின் கீழ் வண்டியோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் பேட்டரி சாப்பாட்டுப் பையைப் போல என்னோடு அலுவலகத்துக்குள் வந்துவிடும். படுக்கையறையிலோ வாசல்வழியை மறித்தோ இரவு முழுக்கச் சார்ஜ் போடவே வேண்டாம்.

36 வோல்ட் பேட்டரி என்பது பத்து செல் வரிசை. முழுதும் ஏறினால் 42 வோல்ட். அதற்கேற்ற சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள். பழைய லேப்டாப் செல்களைப் பொறுக்கிச் சேர்த்து மலிவாகச் செய்து தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எடை கூடினாலும் பரவாயில்லை, சூட்டைத் தாங்க வேண்டும் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைப் பாருங்கள்.

லைசென்ஸ், பதிவு வேண்டுமா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இப்படிச் சொல்கின்றன: மிதிக்கும்போது மட்டும் உதவும் மோட்டார், 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டினாலோ உதவி நின்றுவிட வேண்டும். அப்படிப்பட்ட சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. ஆனால் இந்த விலக்கு, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனங்கள் சரிபார்த்த வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் பூட்டிய மோட்டாருக்கு அப்படிச் சான்றிதழ் கிடையாது. நான் திரையில் வேக எல்லையை 25 என்று வைத்துவிட்டேன், மிதிக்காமலே ஓட்ட உதவும் கைப்பிடி திராட்டிலைப் பூட்டவே இல்லை. அதோடு ஹெல்மெட்டும் போடுகிறேன்.

மழையில் ஓட்டலாமா?

மழையில் ஓட்டலாம், வெள்ளத்தில் இறக்கக் கூடாது. வண்டியிலேயே தாழ்வான பொருள் மோட்டார்தான். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட நாட்களைப் போலத் தெருவில் தண்ணீர் நின்றால் மடித்துத் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டிலேயே இருங்கள்.

தூக்க முடிகிற எடையா?

சைக்கிள் 12 கிலோ, மோட்டார் ஏறத்தாழ 4, பேட்டரி இரண்டரை. பேட்டரியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டால் கைக்கு 16 கிலோ. ஒரு மாடி ஏறலாம். இரண்டாவது மாடியில் வீடு இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரி ஏறுமா?

நான் ஏறியதில்லை, கணக்குப் போட்டிருக்கிறேன். ஆளும் வண்டியும் 100 கிலோ என்றால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 27 வாட் மணி. இழப்பையும் சேர்த்தால் 35, 40. 600 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டால்கூட என் பேட்டரி தாங்கும், சின்ன கியரில் பொறுமையாக மிதித்தால் மோட்டாரும் தாங்கும். இறங்குவதில்தான் எனக்குப் பயம். மிட் டிரைவில் இறக்கத்தின்போது மோட்டார் பிரேக் போல உதவாது, பேட்டரிக்கு மின்சாரம் திரும்பவும் போகாது. பின்சக்கர ஃப்ரீவீல் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் மொத்தப் பாரத்தையும் இரண்டு சின்ன ரிம்களின் ரப்பர்க் கட்டைகளே பிடித்தாக வேண்டும்.

எவ்வளவு செலவானது?

முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான், வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். தொகையை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து சைக்கிளின் விலையைத் தாண்டின. வீட்டில் சைக்கிளின் விலையை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் ஒன்று பூட்டித் தருவீர்களா?

மாட்டேன். கருவிகளை இரவல் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறேன். கிராங்க் புல்லர் மட்டும் இப்போது என்னிடம் இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒருவர் பொங்கலுக்கு முன் வாங்கிப் போனார். இதைப் படித்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், சார். வரிசையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.